முதல் நிரலாக்க மொழியைத் தேர்ந்தெடுக்கும் வரிசை: முழுமையான வழிகாட்டி

நிரல் எழுதக் கற்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மொழியில் தொடங்கலாம்?" என்பதுதான். யாரிடம் கேட்டாலும் அவரவருக்குப் பழகிய மொழியைச் சொல்வார்கள். சொல்லும் ஒவ்வொருவரிடமும் நல்ல காரணமும் இருக்கும். கேட்டவர்தான் முன்னைவிட அதிகமாகக் குழம்பிப்போவார்.

புதியவர்கள் பலர் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் மொழி கடினமாக இருந்ததால் விடவில்லை. சிலர் மென்பொருளை நிறுவும்போதே சிக்கிக்கொண்டார்கள். சிலர் ஒரு மொழியில் நான்கு பாடம், இன்னொன்றில் மூன்று பாடம் என்று தாவிக்கொண்டே இருந்தார்கள். மொழியை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு யோசித்ததன் விளைவு இது. ஆகவே இங்கே மொழிகளின் பெயர் இரண்டாம் படியில்தான் வரும். முடிவு ஐந்தாம் படியில். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் யோசிக்க வேண்டியதைக் குறைக்கும்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

மென்பொருள் நிறுவ உங்களுக்கு அனுமதி உள்ள ஒரு கணினி வேண்டும். அலுவலகக் கணினியில் இந்த அனுமதி பெரும்பாலும் இருக்காது. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கைபேசியிலும் நிரல் எழுதலாம்தான். ஆனால் அடைப்புக்குறி, மேற்கோள்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றைக் கைபேசி விசைப்பலகையில் தேடித் தேடி அடிப்பதிலேயே ஊக்கம் வடிந்துவிடும். கணினிக்கு வழியே இல்லாதபோது மட்டும் கைபேசியை நாடுங்கள்.

கோப்புகளைக் கையாளத் தெரிய வேண்டும். ஒரு கோப்புறையை உருவாக்கி, அதில் ஓர் உரைக்கோப்பைச் சேமித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி கண்டுபிடித்துத் திறந்து பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் "என் நிரல் ஓடவில்லை" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல், நிரலை எங்கே சேமித்தோம் என்பது தெரியாததுதான்.

விண்டோஸ் பயன்படுத்துபவர் கோப்புப் பெயரின் பின்னொட்டை (புள்ளிக்குப் பின்னால் வந்து கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகள்) காட்டும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். அது இயல்பாக மறைந்திருக்கும். நோட்பேடில் நிரலை எழுதி, நிரலுக்குரிய பின்னொட்டோடு சேமித்ததாக நினைப்பீர்கள். நோட்பேடோ அதன் வாலில் உரைக்கோப்புக்கான பின்னொட்டையும் சேர்த்திருக்கும். திரையில் பெயர் சரியாகத் தெரியும், நிரல் மட்டும் ஓடாது.

ஆங்கிலம் எவ்வளவு வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். பிழைச்செய்தியின் ஒரு வரியை அகராதி உதவியோடு புரிந்துகொள்ள முடிந்தால் தொடங்கப் போதும். கட்டளைச் சொற்கள் முப்பது நாற்பதுக்குள் அடங்கும், பழக்கத்தில் வந்துவிடும். கணிதமும் அப்படித்தான். கூட்டல், கழித்தல், சதவீதம், மீதி காண்பது ஆகியவை தெரிந்தால் தொடக்கத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

1. செய்ய விரும்புவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மனத்தில் நினைத்தால் போதாது, எழுதுங்கள். "ஒரு செயலி செய்ய வேண்டும்" என்று எழுதினால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. "அன்றாடச் செலவுகளை எழுதி வைத்தால், மாதக் கடைசியில் வகைவாரியாகக் கூட்டிக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

நல்ல வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்கும்: உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, எந்தக் கருவியில் ஓட வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மொழியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த மூன்றாவதுதான்.

பெரிய கனவு இருந்தால் இருக்கட்டும். முப்பரிமாண விளையாட்டோ சமூக வலைத்தளமோ எதுவாயினும் தனியாக எழுதி வையுங்கள். அதன் கீழே, அந்தத் திசையிலேயே, ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய மிகச் சிறிய ஒன்றை எழுதுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டையும் பார்க்கலாம். முரண்பட்டால் சிறியதற்கே முன்னுரிமை. சிறியதை முடிக்காதவர் பெரியதைத் தொடப்போவதில்லை.

ஒன்றுமே தோன்றவில்லையா? கணினியில் நீங்கள் கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஏதாவது இருக்கும். நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பெயர் மாற்றுவது, இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்றவை. சலிப்பான வேலைதான் நல்ல முதல் நிரலாகும். சரியான விடை என்ன என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், நிரல் தவறினால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

2. அது எங்கே ஓடும் என்று பாருங்கள்

உலாவிக்குள் ஓட வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தைக் கட்டமைக்க ஹெச்டிஎம்எல், அழகுபடுத்த சிஎஸ்எஸ் ஆகியவையும் வேண்டும். இவை இரண்டும் நிரலாக்க மொழிகள் அல்ல. பக்கத்தில் என்ன இருக்கும், எப்படித் தெரியும் என்பதை இவை சொல்லும்; "இப்படியானால் இதைச் செய்" என்று நிரலின் போக்கில் முடிவெடுப்பது ஜாவாஸ்கிரிப்டின் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல் ஹெச்டிஎம்எல்லை மட்டும் மாதக்கணக்கில் படித்துவிட்டு நிரலாக்கம் கற்றதாக எண்ணுபவர்கள் உண்டு. முதலில் ஓரளவு ஹெச்டிஎம்எல் படித்துவிட்டுச் சீக்கிரம் ஜாவாஸ்கிரிப்டுக்கு வாருங்கள்.

கோப்புகள், பட்டியல்கள், தரவுகள், தானியக்கம், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்குப் பைத்தான். புள்ளியியல் மட்டுமே உங்கள் துறை என்றால், சக ஆய்வாளர்கள் ஆர் மொழியில் இருந்தால், ஆர்.

ஆண்ட்ராய்டு செயலிக்குக் கோட்லின். கூகுள் 2017இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு அறிவித்து, 2019இல் முதல் விருப்ப மொழியாக்கியது. ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ கனமான மென்பொருள். 8 ஜிபி நினைவகமாவது இல்லாத கணினியில் பொறுமையைச் சோதிக்கும். அதோடு திரை வடிவமைப்பு, அனுமதிகள், செயலியின் ஆயுட்சுழற்சி என ஒரே நேரத்தில் பல விஷயங்கள் வந்து விழும். மாறி (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) என்றால் என்ன என்றே தெரியாதவர் இதில் தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. கறுப்புத் திரையில் எழுத்தாக விடை காட்டும் சிறு நிரல்களைக் கோட்லினிலேயே எழுதிவிட்டுச் செயலிக்கு வாருங்கள்.

ஐபோன் செயலிக்கு ஸ்விஃப்ட். ஆப்பிள் 2014இல் வெளியிட்ட மொழி இது. செயலியை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே ஓடும். மேக் இல்லாவிட்டால் இந்த வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

விளையாட்டு என்றால் மொழியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, விளையாட்டு எந்திரம், அதாவது விளையாட்டை உருவாக்கப் பயன்படும் மென்பொருள், தேர்ந்தெடுக்கும். யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி++. கோடோவுக்குச் சொந்த மொழி உண்டு. பார்வைக்குப் பைத்தானை ஒத்திருக்கும்.

மின்னணுப் பலகைகளில் ஆர்டுயினோ என்றால் சி++ அடிப்படையிலான மொழி. ராஸ்பெரி பை பிகோ போன்றவற்றில் மைக்ரோபைத்தானும் ஓடும்.

கற்பவர் சிறுவர் என்றால் ஸ்க்ராட்ச். எம்ஐடியில் உருவாகி 2007இல் பொதுவெளிக்கு வந்த இது, 8 முதல் 16 வயதுக்காரர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. கட்டங்களை இழுத்துப் பொருத்துவதால் எழுத்துப்பிழை என்ற பேச்சே இல்லை. பெரியவர்களும் ஒரு வாரம் விளையாடிப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லூரிப் பாடத்திட்டம் சி அல்லது ஜாவாவை வைத்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குத் தேர்வே இல்லை. அதையே ஒழுங்காகப் படியுங்கள். "பாடத்துக்கு அது, விருப்பத்துக்கு இது" என்று முதல் ஆண்டிலேயே இரண்டு குதிரைகளில் ஏறினால், எங்கே அரைப்புள்ளி வரும், எங்கே வராது என்பதே குழம்பிவிடும்.

3. உங்கள் சூழ்நிலையால் வடிகட்டுங்கள்

இப்போது உங்களிடம் ஒன்று முதல் மூன்று மொழிகள் வரை மிஞ்சியிருக்கும். மொழியின் சிறப்பை விட்டுவிட்டு, அதைக் கற்க உங்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் கனமானது, கேட்க ஆள் இருக்கிறதா என்பது. சிக்கிய வரியைக் காட்டினால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர், நண்பரோ உறவினரோ உடன் பணிபுரிபவரோ, எந்த மொழி அறிந்தவரோ அந்த மொழிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். சற்றுக் கடினமான மொழியை உதவியோடு கற்பது, எளிதான மொழியைத் தனியாக முட்டி மோதிக் கற்பதைவிட வேகமாக நடக்கும்.

அடுத்தது பாடங்கள். உங்களுக்குப் புரியும் நடையில், தொடக்கம் முதல் இறுதி வரை செல்லும் ஒரே ஒரு பாடத்தொடரோ நூலோ இருக்கிறதா என்று பாருங்கள். அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் கவனியுங்கள். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. பழைய பாடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: திரையில் அச்சிடும் கட்டளைக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் நேரடியாக உரை வந்தால் அது பைத்தான் 2. மூடி வைத்துவிடுங்கள்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றின் நூலை வைத்துக்கொண்டு மற்றதைக் கற்க முயல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். இரண்டும் 1995இல் வெளிவந்தவை. பெயர் ஒற்றுமையை நம்பி ஏமாற வேண்டாம், அவை வெவ்வேறு மொழிகள்.

வேலைவாய்ப்பை இந்தப் படியில் சேர்க்கலாமா? நீங்கள் போக விரும்பும் வேலையின் அறிவிப்புகளைப் பத்து இருபது படித்துப் பாருங்கள். ஒரே மொழி திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மொழிகள் சமமாக நிற்கும்போது மட்டும் அதைக் கொண்டு முடிவெடுங்கள். மாறி, நிபந்தனை, சுழற்சி (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), செயற்கூறு (பெயரிட்டு வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு), பட்டியல் ஆகிய கருத்துகள் மொழிக்கு மொழி கூடவே வருபவை. அவற்றை ஒருமுறை உள்வாங்கியவருக்கு இரண்டாவது மொழியைக் கற்க முதலாவதுக்கு ஆன காலத்தில் சிறு பகுதிதான் ஆகும்.

4. இரண்டை மட்டும் வைத்துச் சோதியுங்கள்

இன்னும் இரண்டு மொழிகள் மிஞ்சினால், கட்டுரைகளைப் படித்து ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள். ஒரே சிறு நிரல், இரண்டு மொழிகளிலும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

எழுத வேண்டியது எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நீங்கள் ஊகிக்க வேண்டும். "பெரியது", "சிறியது" என்று சொல்லும். சரியாகச் சொன்னதும் எத்தனை முயற்சி என்று காட்டும். மிகச் சிறிய இந்த நிரலில் உள்ளீடு, வெளியீடு, மாறி, நிபந்தனை, சுழற்சி ஐந்தும் வந்துவிடுகின்றன. அதற்காகவே இதைச் சொல்கிறேன். பாடத்தைப் பார்த்து எழுதலாம்; நகலெடுத்து ஒட்டக் கூடாது.

எழுதி முடித்த பிறகுதான் உண்மையான சோதனை. நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்.

முதலில், இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் வரிகளை எழுதுங்கள். பைத்தானில் 5 என்றும் 7 என்றும் கொடுத்தால் விடை 57 என்று வரும். பதற வேண்டாம். விசைப்பலகையிலிருந்து வருவது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்தாகவே வாங்கும். இரண்டு எழுத்துத் தொடர்களைக் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். முழு எண்ணாக மாற்றும் கட்டளையால் அவற்றைச் சுற்றிவிட்டால் 12 வரும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே 57தான்.

அடுத்து, ஒன்றை எழுத்தாகவும் மற்றதை எண்ணாகவும் வைத்துக் கூட்டிப் பாருங்கள். இங்கேதான் இரண்டு மொழிகளின் குணம் பிரிகிறது. பைத்தான் நின்றுவிடும், எழுத்தையும் எண்ணையும் கூட்ட முடியாது என்று வரி எண்ணோடு சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றும் சொல்லாமல் 57 என்று ஒட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கழித்தால் இன்னும் வேடிக்கை. எழுத்தான 7இலிருந்து எண்ணான 5ஐக் கழித்தால், அதுவே எண்ணாக மாற்றிக்கொண்டு 2 என்று சரியான விடை தரும். கூட்டலில் தவறு, கழித்தலில் சரி என்றால் புதியவர் எங்கே தேடுவார்? உடனே நின்று திட்டும் மொழி கடுமையானதாகத் தோன்றும். தொடக்கத்தில் அதுதான் உதவி.

மூன்றாவதாக, ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். முயற்சிகளை எண்ணும் மாறிக்குப் புதிய மதிப்புக் கொடுக்கும் இடத்தில் பெயரைத் தவறாக எழுதினால், பைத்தான் வாய் திறக்காமல் அந்தப் பெயரில் புதிய மாறியை உருவாக்கிக்கொள்ளும். விளையாட்டு ஓடும், எண்ணிக்கை மட்டும் தப்பாக வரும். சி, ஜாவா போன்றவை நிரல் ஓடுவதற்கு முன்பே, இப்படி ஒரு பெயரை அறிவிக்கவே இல்லையே என்று பிடித்துவிடும். இந்த இடத்தில் பைத்தானுக்குத் தோல்விதான்.

சி ஒரு தெரிவாக இருந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். எண்ணை வாங்கும் கட்டளையில் மாறியின் பெயருக்கு முன்னால் வரும் & குறியை விட்டுவிடுங்கள். எச்சரிக்கை வந்தாலும் வரலாம், ஆனாலும் நிரல் உருவாகிவிடும். ஓட்டும்போது காரணம் சொல்லாமல் நொறுங்கும். அந்தக் குறி ஏன் வேண்டும் என்று தெரிந்துகொள்ள நினைவக முகவரி பற்றிப் படிக்க வேண்டும். அதைப் படிக்கும் ஆர்வம் எழுந்தால் சி உங்களுக்கு ஏற்றது. எரிச்சல் வந்தால் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையின் முடிவில் "எது பிடித்தது?" என்று கேட்காதீர்கள். பிழை வந்தபோது எந்த மொழியில் நீங்களாகவே வெளியே வந்தீர்கள் என்று பாருங்கள். அடுத்த சில மாதங்களில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி பிழைகளோடுதான் கழியும்.

5. முடிவெடுங்கள்

நான்கு படிகளுக்குப் பின்னும் தயக்கம் என்றால் என் பரிந்துரை பைத்தான். குறைந்த வரிகளில் ஏதாவது ஒன்று நடக்கும். பிழைச்செய்தி ஓரளவு மனிதமொழியில் இருக்கும். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து அது இன்னும் தெளிவாகியிருக்கிறது. எந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டும் அளவுக்கு.

அதன் குறைகளையும் தெரிந்துகொண்டே போங்கள். எழுதிய நிரலை, பைத்தான் இல்லாத நண்பரின் கணினிக்கு அனுப்புவது தலைவலி. கைபேசிச் செயலிக்கு அது நேர்வழியும் இல்லை. வேகம் குறைவு என்பார்கள். உங்கள் முதல் நூறு நிரல்களில் அந்த வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரியாது.

செய்ததை உடனே பிறருக்குக் காட்ட ஆசைப்படுபவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மேல். ஒரு முகவரியை அனுப்பினால் யாரும் திறந்து பார்க்கலாம். அந்த ஊக்கம் சாதாரணமானதல்ல.

ஜாவாவில் திரையில் ஒரு வரி அச்சிடுவதற்கே, பொருள் புரியாத பல சொற்களைச் சுற்றி எழுதும் வழக்கம்தான் பெரும்பாலான பாடங்களில் இருக்கிறது. "இதெல்லாம் பிறகு புரியும்" என்று ஆசிரியர் சொல்வார். பொறுமை உள்ளவருக்குக் கேடில்லை. சி++, ரஸ்ட் இரண்டும் நல்ல மொழிகள், ஆனால் முதல் மொழிக்கு வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டோடு மாறிகளின் வகைச் சோதனையைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டுக்குப் பின் பார்க்கலாம். எஸ்க்யூஎல் எல்லோருக்கும் பயன்படும். அது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. விளையாட்டோ செயலியோ அதை மட்டும் வைத்து எழுதுவதில்லை என்பதால் பக்கத்துணையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவை எடுத்ததும், 1ஆம் படியில் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே மொழியின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எட்டாம் படியில் அந்தத் தாள் தேவைப்படும்.

6. நிறுவுங்கள், ஓட்டிப் பாருங்கள்

பைத்தானை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விண்டோஸில் வழக்கமான நிறுவல் சாளரத்தின் முதல் திரையில், கீழே, பைத்தானைப் பாதைப் பட்டியலில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். அதில் குறியிட்ட பிறகே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். பொத்தான் பெரிதாகக் கண்ணில் படுவதால் பலர் கட்டத்தைக் கவனிப்பதில்லை. பிறகு டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரத்தில், பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று வரும். அப்படி நடந்துவிட்டால் நிறுவல் கோப்பை மறுபடி ஓட்டி அந்தக் குறியைச் சேர்ப்பதே எளிய வழி. மேக்கில் பெரும்பாலும் கட்டளைப் பெயரோடு 3 என்ற எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

நிரலை எழுத எடிட்டர் வேண்டும். பைத்தானோடு கூடவே ஐடில் வரும், தொடங்க அது போதும். தோனி என்ற எடிட்டர் புதியவர்களுக்கென்றே உருவானது. நிரல் ஓடும்போது மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று வரி வரியாகக் காட்டும்.

விஷுவல் ஸ்டூடியோ கோடு ஓர் எடிட்டர் மட்டுமே. அதை நிறுவினால் பைத்தானோ, சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரோ தானாக வந்துவிடாது. இதைச் சொல்லாமல் விடும் பாடங்களால் எத்தனை மாலைகள் வீணாகியிருக்கின்றன!

ஜாவாஸ்கிரிப்டுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் பகுதிக்குப் போனால் அங்கேயே எழுதலாம். பக்கத்தில் எழுதும் நிரல் தவறினாலும் பிழைச்செய்தி அந்தக் கன்சோலில்தான் வரும். பக்கமோ வெறுமையாக அப்படியே நிற்கும். வெறும் பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் கன்சோலைத் திறக்கவில்லை என்று பொருள்.

எந்த மொழியானாலும் இன்று இரண்டு காரியங்களைச் செய்து முடியுங்கள். பதிப்பு எண்ணைக் காட்டும் கட்டளையை டெர்மினலில் அடித்துப் பாருங்கள். ஒரு வரி அச்சிடும் நிரலைக் கோப்பாகச் சேமித்து, டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள். எடிட்டரில் உள்ள பொத்தான் பின்னால் என்ன செய்கிறது என்பது இதனால் விளங்கும். பொத்தான் ஒருநாள் வேலை செய்யாதபோது கை கட்டி நிற்க வேண்டியிராது.

7. முதல் வாரங்களில் இந்த வரிசையில் செல்லுங்கள்

மதிப்பும் மாறியும், உள்ளீடும் வெளியீடும், நிபந்தனை, சுழற்சி, பட்டியல், செயற்கூறு, கோப்பைப் படித்தல் எழுதுதல். இந்த வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. பட்டியலுக்கு முன் சுழற்சி வருவதற்குக் காரணம், சுழற்சி தெரியாதவருக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டி எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தை அவசரமாகத் தொடாதீர்கள். செயற்கூறுகளை எழுதிப் பழகி, நிரல் நீண்டு கைமீறும்போதுதான் அதன் தேவை புரியும்.

திரும்பத் திரும்பக் காணும் தடுமாற்றங்கள் சில:

பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடுவது. பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த இடம் என்பது அதற்கு மேலே. சி, சி++இல் நேர்மாறு. முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். கீழே உள்ள இருபது பிழைகளில் பல, முதல் பிழையின் எதிரொலிகள்.

கோப்புக்குத் தவறான பெயர். சமவாய்ப்பு எண்களுக்கான பைத்தானின் ரேண்டம் தொகுப்பைக் கற்கும் நாளில், பயிற்சிக் கோப்புக்கும் அதே ரேண்டம் என்ற பெயரை வைப்பார்கள். நிரல் தொகுப்பைத் தேடும்போது பக்கத்தில் கிடக்கும் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். அதில் தேடிய செயற்கூறு இல்லை என்று பிழை வரும். நிரலில் ஒரு எழுத்தும் தவறில்லாததால் மண்டை காய்ந்துவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

எல்லை எண். பைத்தானில் 1 முதல் 10 என்று வரம்பு கொடுத்தால் 9 உடன் நின்றுவிடும். இறுதி எண் சேராது. பட்டியலின் முதல் உறுப்பின் எண்ணும் 1 அல்ல, 0. இரண்டையும் ஒரு தாளில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்டுங்கள்.

ஒற்றைச் சமக்குறியும் இரட்டைச் சமக்குறியும். = என்பது மதிப்பைக் கொடுக்கும், == என்பது ஒப்பிடும். நிபந்தனையில் ஒற்றையைப் போட்டால் பைத்தான் பிழை என்று மறுத்துவிடும். சியில் அதுவும் செல்லுபடியாகும் என்பதால், கொடுத்த மதிப்பு 0 அல்லாதபோது நிபந்தனை எப்போதும் உண்மையாகி உங்களை அலைக்கழிக்கும்.

வேர்டு ஆவணத்திலிருந்து நிரலை ஒட்டுவது. அதன் வளைந்த மேற்கோள்குறிகள் நிரலாக்க மொழிக்குப் புரியாது. இதே வகையில், பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளிக்குச் சில இடங்களில் டேப் விசையையும் சில இடங்களில் இடைவெளி விசையையும் கலந்தால், பார்க்க நேராக இருக்கும், ஓடாது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடிட்டருக்குள் அடுத்த வரியைத் தானே எழுதித் தரும் வசதியை முதல் வாரங்களில் அணைத்து வையுங்கள். பிழைச்செய்தியைக் கொடுத்து "இதன் பொருள் என்ன?" என்று கேட்பதில் தவறில்லை. "நிரலை எழுதிக் கொடு" என்றால் கிடைக்கும், ஓடவும் செய்யும், உங்களுக்கு மட்டும் ஒன்றும் தெரிந்திருக்காது. வாங்கிய நிரலை மூடி வைத்துவிட்டு நீங்களாக மறுபடி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை.

8. எப்போது மொழியை மாற்றலாம்

சில வாரங்களில் கட்டாயம் ஒரு நாள் வரும். சுழற்சிக்குள் சுழற்சி புரியாது. அதே வேளையில் வேறொரு மொழியைப் புகழும் காணொளி ஒன்றும் கண்ணில் படும். 5ஆம் படியில் எழுதிய தாளை எடுங்கள்.

மாற்ற மூன்று காரணங்களை ஏற்பேன். வாக்கியத்தில் எழுதியது இந்த மொழியில் ஓடவே முடியாது என்று தெரிந்தது. உங்கள் கணினி அதன் கருவிகளைத் தாங்கவில்லை. படிப்போ வேலையோ வேறொன்றைக் கட்டாயமாக்கியது. மொழி அழியப் போகிறது என்று யாரோ சொன்னதும், ஓர் அத்தியாயம் கடினமாக இருப்பதும் காரணங்கள் ஆகா. சுழற்சிக்குள் சுழற்சி அடுத்த மொழியிலும் அதே இடத்தில் காத்திருக்கும்.

தாளில் எழுதிய சிறு நிரலை முடித்து, உங்களைத் தவிர ஒருவராவது அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இரண்டாவது மொழிக்குத் தாராளமாகப் போகலாம். அப்போது முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். முடித்த அதே நிரலைப் புதிய மொழியில் திரும்ப எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருப்பதால், மொழி வேறுபடும் இடங்கள் மட்டும் தனியாகத் தெரியும்.

பைத்தானிலிருந்து ஜாவா, சி ஷார்ப் பக்கம் போகிறவர் இரண்டு இடங்களில் இடறுவார். ஒவ்வொரு மாறியும் எந்த வகை என்பதை நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் உறுதிசெய்துகொள்ளும். எண்ணாகத் தொடங்கிய மாறியில் பிறகு எழுத்தை வைக்க விடாது. வகுத்தலும் மாறும்: 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 3.5 என்று தரும். அங்கே இரண்டும் முழு எண்களாக இருந்தால் விடை 3. செலவுக் கணக்கில் சராசரி ஏன் குறைகிறது என்று தேடும்போது முதலில் அந்த வகுத்தல் வரியைப் பாருங்கள்.